காட்சிப் பொருளாக நிற்காத சிறுமி

குழந்தைகள் தொலைக்காட்சியில் பழங்குடியினர் வந்தால் என்ன நடக்கும் என்பது தெரிந்ததுதான். தலையில் இறகு, கையில் வில், நெருப்பைச் சுற்றி ஆட்டம். இல்லையென்றால் ஒரு ஞானக் கிழவர் வருவார், நாலு தத்துவம் சொல்லிவிட்டுக் காட்டுக்குள் போய்விடுவார். மரியாதை செய்வதாக நினைத்து அருங்காட்சியகத்தில் நிறுத்தும் வேலை இது.

‘மாலி ஆஃப் டெனாலி’ எனக்குப் பிடித்துப்போனதற்குக் காரணம், அதில் மாலி எங்கேயும் அப்படி நிற்பதில்லை என்பதுதான். 2019 ஜூலையில் அமெரிக்காவின் பொது ஒலிபரப்பு அமைப்பான பிபிஎஸ், குழந்தைகளுக்காக நடத்தும் ‘பிபிஎஸ் கிட்ஸில்’ தொடங்கிய கார்ட்டூன் தொடர் இது. அந்நாடு முழுவதும் ஒளிபரப்பான குழந்தைகள் தொடர்களில் அலாஸ்காப் பூர்வகுடிச் சிறுமி ஒருத்தி கதாநாயகியானது அதுவே முதல்முறை. பத்து வயது மாலியின் குடும்பம் ஒரு கிராமத்தில் கடை நடத்துகிறது. அவள் வரைபடம் பார்ப்பாள், கையேட்டைப் புரட்டுவாள், இணையத்தில் தேடுவாள், வீடியோ எடுத்துப் போடுவாள். தகவல் நூல்களைப் படிக்கப் பழக்குவதுதான் தொடரின் பாடத்திட்டம். ஆனால் ஊர்ப் பெரியவர்களின் அனுபவ அறிவையும் அது அதே வரிசையில் வைக்கிறது. புத்தகம் உசத்தி, பாட்டி சொல்வது கதை என்ற பேதம் அங்கே இல்லை. நம் பள்ளிகளில் எத்தனை இடத்தில் இதைப் பார்க்க முடியும்?

முதல் நாள் ஒளிபரப்பான ‘தாத்தாவின் மேளம்’ கதையைப் பாருங்கள். பழைய புகைப்படம் ஒன்றில் சின்னப் பையனாக இருக்கும் தாத்தா பாடிக்கொண்டிருக்கிறார். மாலி பிறந்ததிலிருந்து அவர் பாடிக் கேட்டதே இல்லை. ஏன் என்று கேட்கிறாள். வீட்டை விட்டுப் பள்ளிக்கு அனுப்பப்பட்ட காலத்தில் சொந்தப் பாட்டுகளைப் பாட விடவில்லை, அதனால் மேளத்தைத் தோழிக்குக் கொடுத்துவிட்டேன் என்கிறார். 1819 முதல் 1969 வரை அமெரிக்க அரசு நடத்தியோ ஆதரித்தோ வந்த நானூறுக்கும் மேற்பட்ட பூர்வகுடிப் பிள்ளைகளுக்கான உறைவிடப் பள்ளிகளின் கொடுமையை, ஆறு வயதுக் குழந்தைக்குப் புரியும்படி இப்படித்தான் சொல்ல முடியும். மேளம் திரும்பக் கிடைத்துத் தாத்தா பாடுவதும் பதினோரு நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது. நிஜத்தில் இவ்வளவு சுலபமாக எதுவும் திரும்பியதில்லை என்ற உறுத்தல் எனக்கு உண்டு. ஆனாலும் பெரும்பாலான பாடநூல்கள் தொடாத இடத்தைக் கார்ட்டூன் தொட்டுவிட்டதே!

இது தானாக அமைந்ததல்ல. தொடரை உருவாக்கிய இருவரும் பூர்வகுடியினர் அல்லர். ஆனால் அலாஸ்காப் பூர்வகுடிகளில் ஒன்றான குவிச்சின் இனத்தைச் சேர்ந்த பிரின்சஸ் ஜான்சன் படைப்புத் தயாரிப்பாளராக இருந்தார், அலாஸ்காப் பூர்வகுடி ஆலோசகர்களும் எழுத்தாளர்களும் கூடவே உட்கார்ந்தார்கள், மாலிக்குக் குரல் கொடுத்தவரும் பூர்வகுடிப் பெண்தான். ‘பொருத்தமான ஆள் கிடைக்கவில்லை’ என்று சாக்குச் சொல்லும் தயாரிப்பாளர்களிடம் இதைத்தான் காட்ட வேண்டும்.

இப்படிப்பட்ட தொடர்களுக்குக் கைகொடுத்த பொது ஒலிபரப்பு நிதியில் 110 கோடி டாலரை அமெரிக்க நாடாளுமன்றம் 2025 ஜூலையில் ரத்து செய்துவிட்டது. நல்லது ஒன்று நடந்தால் முதலில் அதன் செலவைத்தான் கணக்குப் பார்ப்பார்கள் போலிருக்கிறது.