பெயர் வேண்டாமாம், பதிவு எண் மட்டும் போதுமாம்

ஆசிரியர்கள் எப்படி நடத்துகிறார்கள் என்று மாணவர்களிடம் கருத்துக் கேட்கும் ஃபீட்பேக் ஃபார்ம், இன்று மதியம் மறுபடியும் அதன் லிங்க் வந்துவிட்டது. வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் டியூட்டர் மேடம் போட்டிருக்கிறார்: "ஃபீட்பேக் 4 மணிக்குள் முடிக்கவும். முடிக்காதவர்களுக்கு ஹால் டிக்கெட் வராது. ரகசியமானது, பயப்படாமல் எழுதவும்." அதற்குக் கீழேயே எங்கள் வகுப்புப் பிரதிநிதி ஒரு வரி: "எல்லாரும் 4 இல்லன்னா 5 மட்டும் போடுங்கப்பா, ப்ளீஸ்." பாவம், அவனை யாரோ சொல்லச் சொல்லியிருக்கிறார்கள்.

லிங்கைத் திறந்தால் முதல் கட்டமே பதிவு எண். 12 இலக்கம். அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரியில் படித்தவர்களுக்கு அந்த எண் மனப்பாடமாக இருக்கும். முதல் நான்கு கல்லூரி, அடுத்த இரண்டு சேர்ந்த வருடம், அடுத்த மூன்று துறை, கடைசி மூன்று நான். என் பெயரில் எங்கள் ஊரிலேயே பத்துப் பேர் இருக்கலாம். அந்த எண்ணில் நான் ஒருத்திதான். அதை வாங்கி வைத்துக்கொண்டு ரகசியம் என்று எழுத எப்படி மனசு வருகிறது?

போன செமஸ்டர் வரை நான் நம்பினேன். துறைத் தலைவர், அதாவது ஹெச்ஓடி, லேபுக்கே வந்து, "யார் எழுதினதுன்னு எங்களுக்குத் தெரியவே தெரியாதும்மா, உண்மையை எழுதுங்க" என்றார். நான் உண்மையை எழுதினேன். அது ஒரு எலெக்டிவ் (விருப்பப்பாட) பேப்பர், வகுப்பில் மொத்தம் 14 பேர். பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியத்தில் படித்தவள் நான். மனசில் இருப்பதைச் சரியாகச் சொல்ல வேண்டுமென்றால் தமிழில்தான் எழுத வரும். எழுதியது இவ்வளவுதான் (பிபிடி என்றால் பவர்பாயின்ட் ஸ்லைடு): "யூனிட் 1, 2, 3 நன்றாகப் புரிந்தது சார். யூனிட் 4, 5 வகுப்பில் நடத்தவில்லை, பிபிடி மட்டும் வந்தது. அடுத்த பேட்சுக்காவது நடத்துங்கள்." இதில் மரியாதைக் குறைவு எங்கே இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள்.

வியாழக்கிழமை, இரண்டாவது பீரியட். சார் கையில் மடித்த தாளோடு வந்தார். அட்டெண்டன்ஸ் எடுக்கவில்லை. தாளைப் பிரித்து, நான் எழுதியதைச் சத்தமாகப் படித்தார். ஒருமுறை படித்தார். நிறுத்தி, இன்னொரு முறை படித்தார். "யார் எழுதினது? எந்திரிங்க." யாரும் எழுந்திருக்கவில்லை. ஃபேன் சத்தம் மட்டும்தான். "தமிழ்ல இருக்கு. இந்த கிளாஸ்ல தமிழ்ல எழுதுற ஆள் யாருன்னு எனக்குத் தெரியாதா?" என்றார். தெரியும் என்றால் அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. முதல் பெஞ்சிலிருந்து ஒவ்வொருவராக, "நீயா?" "இல்ல சார்." "நீயா?" "இல்ல சார்." பதிமூன்று பேர் இல்லை என்று சொல்லி முடிக்கும்வரை நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கை சில்லிட்டுப் போயிருந்தது. என் முறை வந்ததும் எழுந்து, "நான்தான் சார்" என்றேன்.

"யூனிட் 4 பிபிடி அனுப்பினேனா இல்லையா?"

"அனுப்பினீங்க சார்."

"அப்புறம் நடத்தலைன்னு எப்படி எழுதின?"

எட்டு மாதம் ஆகிவிட்டது, இந்தக் கேள்வியை இன்னும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. பிபிடி அனுப்புவதும் நடத்துவதும் ஒன்றா? அப்படியென்றால் கல்லூரிக்கு எதற்கு வர வேண்டும், 75 சதவீத அட்டெண்டன்ஸ் எதற்கு? அந்த 50 நிமிடமும் நான் நின்றேன். அவர் எங்கள் தலைமுறையைப் பற்றி, நன்றி கெட்டதனத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். நடுவில் "இன்டர்னல் மார்க் யார் கையில இருக்குன்னு ஞாபகம் இருக்கட்டும்" என்று வேறு. அந்த 50 நிமிடத்தில் யூனிட் 4 ஆரம்பித்திருக்கலாம் சார்!

மதியம் ஹெச்ஓடி அறையில் மன்னிப்புக் கடிதம். தெரியவே தெரியாது என்று சொன்ன அதே ஹெச்ஓடி. அவர் மேசையில் பெரிய எக்செல் ஷீட் விரித்துக் கிடந்தது, முதல் நெடுவரிசையில் எங்கள் பதிவு எண்கள். நான் பார்த்ததை அவரும் பார்த்தார். மூடி வைக்கக்கூட இல்லை. அப்பா நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனில் (தேர்வு விதிமுறையில்) தியரி பேப்பருக்குக் கல்லூரியிலேயே போடும் இன்டர்னல் 40, பல்கலைக்கழகத் தேர்வு 60. அந்த 40-ஐப் போடுகிறவரைப் பற்றித்தான், அந்த 40 போடப்படும் நேரத்திலேயே எங்களிடம் கருத்துக் கேட்கிறார்கள். பயப்படாமல் எப்படி எழுதுவது? அப்புறம் இரண்டு யூனிட் என்பது சின்ன விஷயமும் இல்லை. வினாத்தாளில் ஒவ்வொரு யூனிட்டுக்கும் இரண்டு 2 மார்க், ஒரு 13 மார்க். இரண்டு யூனிட் போனால் 34 மார்க் போச்சு. நான் ராத்திரியில் யூடியூப் பார்த்துப் பாஸானேன். எங்களோடு படித்த இரண்டு பேருக்கு அரியர். அவர்கள் வீட்டில் அவர்களைத்தான் திட்டினார்கள்.

இவ்வளவும் கல்லூரிகளுக்குத் தரம் போடும் நாக் (NAAC) அமைப்புக்குக் காட்டும் ஃபைலுக்காக. மாணவர் கருத்து பெறப்பட்டது, பகுப்பாய்வு செய்யப்பட்டது, நடவடிக்கை எடுக்கப்பட்டது என்று காட்ட வேண்டும். நடவடிக்கை என் மேல்தான் எடுக்கப்பட்டது. நாக் நடத்தும் மாணவர் திருப்தி சர்வேயின் முதல் கேள்வி என்ன தெரியுமா? பாடத்திட்டத்தில் எவ்வளவு வகுப்பில் நடத்தப்பட்டது என்பதுதான். விடைகளில் ஒன்று 55 முதல் 69 சதவீதம். ஐந்தில் மூன்று யூனிட் என்றால் 60. அவர்கள் டிக் அடிக்கச் சொல்லும் அதே பதிலை நான் வார்த்தையில் எழுதினேன், அவ்வளவுதான் என் குற்றம்.

ஆசிரியர்களுக்கும் பயம் இருக்கிறது, எனக்குப் புரிகிறது. தொழில்நுட்பக் கல்லூரிகளை ஒழுங்குபடுத்தும் ஏஐசிடிஇ-யின் 360 டிகிரி ஆசிரியர் மதிப்பீட்டில் 100-க்கு 25 மாணவர் கருத்துக்குப் போகிறது. தனியார் கல்லூரியில் ஃபீட்பேக் குறைந்தால் மெமோ, இன்க்ரிமெண்ட் கிடையாது. ஆனால் அதற்காக எல்லோருக்கும் 5 போட்டால் யாருக்கு நஷ்டம்? எங்கள் மேத்ஸ் மேடம் சனிக்கிழமையும் வந்து, ஃபெயிலாகிற நிலையில் இருந்த ஆறு பேரை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார். அவருக்கும் 5, பிபிடி அனுப்பியவருக்கும் 5. அந்த மேடத்துக்கு இதைவிட அவமானம் வேறு என்ன வேண்டும்?

பதிவு எண்ணைக் கேட்காதீர்கள். யார் முடித்தார்கள் என்று தெரிய வேண்டுமானால் அதைத் தனியாக வையுங்கள், பதிலோடு ஒட்டாதீர்கள். ரிசல்ட் வந்த பிறகு ஆசிரியரிடம் காட்டுங்கள். 14 பேர் வகுப்பில் எழுதியதை அப்படியே அச்செடுத்துக் கொடுக்காதீர்கள், சாராம்சம் போதும். செமஸ்டர் முடியும்போது கேட்பதைவிட, யூனிட் 2 முடிந்ததும் கேளுங்கள், அப்போதாவது எங்களுக்கே உதவும். இதற்குக் கோடி ரூபாய் சாஃப்ட்வேர் வேண்டாம்.

மணி 3.40. எல்லாவற்றுக்கும் 5 போட்டுவிட்டேன். கருத்து எழுதும் கட்டத்தில் "குட்" என்று ஆங்கிலத்தில் எழுதினேன். தமிழில் எழுதக் கை வரவில்லை, அதுதான் வலிக்கிறது.