வானத்துக்கு மருந்தடிக்கப் போகிறார்களாம்

கம்பம் பக்கம் மாமாவுக்குத் திராட்சைத் தோட்டம். கொடியில் சாம்பல் நோய் தெரிந்தால் கந்தகத் தூள் தூவுவார். விடிகாலையில், காற்று அசையாத நேரம் பார்த்துத்தான் தூவ வேண்டும். மூக்கில் துண்டைக் கட்டியிருந்தாலும் கண் எரியும். இரண்டு தடவை சோப்பு போட்டுக் கழுவினாலும் மத்தியானம் சோற்றுக் கையில் அந்த வாடை இருக்கும். ஒருநாள் பாதி தூவிக்கொண்டிருக்கும்போதே காற்று திரும்பிவிட்டது. பக்கத்துத் தோட்டத்தில் கவாத்து வெட்டிக்கொண்டிருந்தவர் இருமிக்கொண்டே வேலிக்கு வந்து, "யாரைக் கேட்டு இந்நேரம் அடிக்கிறீக?" என்று ஒரே சத்தம். மாமாவும் விடவில்லை. சாயங்காலம் டீக்கடையில்தான் சமாதானமானார்கள்.

பூமியின் சூட்டைக் குறைக்க வானிலேயே கை வைக்கலாம் என்கிற புவிப்பொறியியல் பற்றி எங்கே படித்தாலும் எனக்கு அந்த வேலிச் சண்டைதான் ஞாபகத்துக்கு வருகிறது. ஏனென்றால் அங்கே பேசப்படுவதும் இதே கந்தகம்தான். தரையிலிருந்து சுமார் இருபது கிலோமீட்டர் உயரத்தில், விமானம் வைத்துத் தூவலாம் என்கிறார்கள். அது மெல்லிய அமிலத் துளிகளாகப் படர்ந்து வெயிலில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பிவிடும், பூமி கொஞ்சம் குளிரும்.

(வாட்ஸப்பில் வரும் "விமானம் விடும் வெள்ளைக் கோடு விஷம்" சமாச்சாரம் வேறு. அது எஞ்சினிலிருந்து வரும் நீராவி உறைந்து விழும் கோடு. அதைக் கமெண்டில் கொண்டுவராதீர்கள், ப்ளீஸ்.)

இது கதை இல்லை. இயற்கையே செய்து காட்டியிருக்கிறது. 1991 ஜூன் 15 அன்று பிலிப்பைன்ஸில் பினாட்டுபோ எரிமலை வெடித்தபோது ஒன்றரை முதல் இரண்டு கோடி டன் கந்தக டை ஆக்சைடு மேலே போனது. அடுத்த ஆண்டு உலகச் சராசரி வெப்பநிலை ஏறக்குறைய அரை டிகிரி இறங்கியது. ஓசோன் படலத்தின் வேதியியலுக்காக 1995-இல் நோபல் வாங்கிய பால் குருட்சன், 2006-இல் இந்த யோசனையை ஆராய வேண்டும் என்று எழுதினார். கந்தகம் ஓசோனுக்குக் கெடுதல் என்பது அவரைவிட யாருக்குத் தெரியும்? அவரே எழுதினார் என்றால், உலக நாடுகள் புகையைக் குறைக்கும் என்ற நம்பிக்கை அவருக்கு எவ்வளவு தேய்ந்திருக்க வேண்டும்!

செலவும் பெரிதில்லை. ஆண்டுக்குச் சில நூறு கோடி டாலர் போதும் என்கிறார்கள். ஒரு நடுத்தர நாடு போடலாம், ஒரு பெரும் பணக்காரர் போடலாம். பலரும் இது பலிக்காது என்று சொல்லிச் சிரிக்கிறார்கள். எனக்குப் பயமே இது பலிக்கும் என்பதில்தான்.

பினாட்டுபோ கதையின் இன்னொரு பாதியையும் சொல்ல வேண்டும். 1992-இல் உலகம் முழுக்க நிலத்தில் பெய்த மழையும் ஆறுகளில் ஓடிய தண்ணீரும் கணிசமாகக் குறைந்தன. வெயில் குறைந்தால் ஆவியாவதும் குறையும். நிலம் கடலைவிட வேகமாகச் சூடாவதால்தான் பருவக்காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. அந்தச் சூட்டிலேயே கை வைத்தால் காற்றுக்கும் இழுவை குறையும். எவ்வளவு தூவுகிறோம், எந்த அட்சரேகையில் தூவுகிறோம் என்பதைப் பொறுத்து விளைவு மாறும். 2013-இல் பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் ஆப்பிரிக்காவில் சகாரா பாலைவனத்துக்குத் தெற்கே இருக்கும் சாகேல் பகுதியின் மழைக் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். 1900-க்கும் 2010-க்கும் இடையில் மிக மோசமாக வறண்ட நான்கு கோடைகளில் மூன்று, வடகோளத்தில் பெரிய எரிமலை வெடித்ததற்கு அடுத்து வந்தவை. அவர்களுடைய கணினி மாதிரியிலும் அப்படித்தான்: வடக்கில் மட்டும் தூவினால் சாகேல் காய்கிறது, தெற்கில் மட்டும் தூவினால் பச்சையாகிறது. யாரோ குளிர்காய்வதற்கு, மன்னிக்கவும், குளிர்வதற்கு, யாருடைய சோளக்கொல்லை காய்வது?

எங்கள் பள்ளத்தாக்கில் ஜூன் மாதம் இரண்டு பேர் சந்தித்தால் "அணை எத்தனை அடி?" என்றுதான் பேச்சு தொடங்கும். கேரளத்தில் மழை பிடித்தால்தான் முல்லைப் பெரியாறு ஏறும், ஏறினால்தான் நாற்றங்கால். ஐந்து சதவீதம் மழை குறைந்தாலும் உலகச் சராசரியில் அது ஒரு புள்ளிதான். எங்கள் ஊரில் அது நடவா தரிசா என்ற கேள்வி.

போன தடவை ஊருக்குப் போனபோது மாமாவிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "எத்தன தடவ அடிக்கணும் மாப்ளே?"

திராட்சைக்காரர் கேட்கிற கேள்வி. பதில்: நிறுத்தவே கூடாது. மேலே போன கந்தகம் ஓரிரு ஆண்டில் கீழே இறங்கிவிடும். கரியமில வாயுவோ நூற்றாண்டுக் கணக்கில் நிற்கும். இந்தக் கந்தகப் பந்தலுக்குக் கீழே நிழல் இருக்கிறதே என்று புகையை விட்டுக்கொண்டே இருந்துவிட்டு, போரோ பணமுடையோ வந்து பந்தலைப் பிரித்தால், இருபது முப்பது வருடத்துச் சூடு சில ஆண்டுகளில் மொத்தமாக நம் தலையில் இறங்கும். பயிருக்கும் பறவைக்கும் பழகிக்கொள்ள நேரம் இருக்காது. கடல் அமிலமாவதையோ இந்தப் பந்தல் தொடக்கூட இல்லை.

இதில் எனக்கு எரிச்சலூட்டிய விஷயம் வேறு. 2021-இல் ஹார்வர்டு ஆராய்ச்சியாளர்கள் ஸ்வீடனின் கிருனாவில் ஒரு பலூன் பறக்கவிடத் திட்டமிட்டார்கள். கந்தகம்கூட இல்லை, கருவியைச் சோதிக்க மட்டும். அங்குள்ள சாமி மக்கள் (நம்ம சாமி இல்லை, பனிமான் மேய்க்கும் பூர்வகுடிகள்) எதிர்த்தார்கள். சோதனை நின்றது, 2024-இல் திட்டத்தையே மூடிவிட்டார்கள். ஆனால் 2022-இல் ஓர் அமெரிக்கக் குட்டி நிறுவனம், மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியாவில் யாரையும் கேட்காமல், கொஞ்சம் கந்தக டை ஆக்சைடு அடைத்த பலூனைப் பறக்கவிட்டது. காசு கொடுத்தால் உங்கள் பங்குக்குக் குளிர்விக்கிறோம் என்று 'குளிர்ச்சிப் புள்ளி' விற்கவும் ஆரம்பித்தது! மெக்சிகோ அரசு தடை அறிவித்தது அதற்கு அப்புறம்தான். கேட்டுச் செய்ய வந்தவன் வீட்டுக்குப் போனான், கேட்காதவன் கடை போட்டான்.

அப்படியானால் மொத்தமாக வேண்டாம் என்கிறேனா? என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. 2024-ஆம் ஆண்டின் சராசரி, தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிட ஒன்றரை டிகிரிக்கு மேல் போய்விட்டது. காற்றிலிருந்து கரியமில வாயுவை உறிஞ்சும் வழி இருக்கிறதே என்பார்கள். ஐஸ்லாந்தில் 2024-இல் தொடங்கிய மாமத் ஆலை முழுத் திறனில் ஓடினால் ஆண்டுக்கு 36,000 டன் எடுக்கும். உலகம் விடுவது ஆண்டுக்கு 3,700 கோடி டன். வகுத்துப் பார்த்தேன்: ஒரு வருட உழைப்பு, நம் அரை நிமிடப் புகைக்குச் சமம். ஆஸ்திரேலியாவில் பவளத்திட்டுகளைக் காப்பாற்றக் கடல்நீரையே பொடித்துளியாக மேலே பீய்ச்சி மேகத்தை வெளுத்து வெயிலைத் திருப்ப முயல்கிறார்கள். வெளுத்துச் சாகும் பவளத்தைப் பார்த்தவர்கள் அதைச் செய்வதை நான் குறை சொல்ல மாட்டேன். நாளைக்கு வெப்ப அலையில் ஆயிரக்கணக்கில் செத்தால், "தூவுங்கடா" என்று முதலில் கத்துவது நாமாகவும் இருக்கலாம். அன்றைக்குக் கையில் கணக்கு இல்லாமல் நிற்கக்கூடாது.

அதனால் ஆராய்ச்சி நடக்கட்டும், வெளிப்படையாக, ஊர்க்காரர்களைக் கேட்டு. விற்பனை வேண்டாம். தூவுவது இப்போது வேண்டவே வேண்டாம். முக்கியமாக, பருவமழையை நம்பி இருக்கிறவர்கள் கணக்குப் போடும் இடத்தில் உட்கார வேண்டும். நம் பருவக்காற்றுக்கு என்ன ஆகும் என்பதை ஹார்வர்டு சொல்லித்தான் நாம் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் அது நம் வெட்கம்.

2024-இல் நைரோபியில் நடந்த ஐ.நா. சுற்றுச்சூழல் பேரவையில், இதைப் படிக்க ஒரு நிபுணர் குழு போடலாம் என்று சுவிட்சர்லாந்து தீர்மானம் கொண்டுவந்தது. ஆப்பிரிக்க நாடுகள் பயன்படுத்தவே கூடாது என்ற வாசகம் வேண்டும் என்றன. உடன்பாடு வரவில்லை, தீர்மானத்தைத் திரும்பப் பெற்றார்கள். அந்த வேலிக்கு இன்னும் ஒரு டீக்கடைகூடக் கிடைக்கவில்லை.