பூட்டிய ஆஸ்பத்திரிகளின் பேய்க்கணக்கு

பழைய ஆஸ்பத்திரிக் கட்டடம் ஒன்று பூட்டிக் கிடந்தால் போதும், யூடியூபில் அதற்கு ஒரு பேய்க்கதை தயார். பேய்க்கதை எனக்கும் பிடிக்கும். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்து கேட்பேன். ஆனால் இந்த ஆஸ்பத்திரிக் கதைகளில் ஒரு விஷயம் மட்டும் ஆத்திரத்தை வரவழைக்கிறது: செத்தவர்கள் கணக்கில் வாய்க்கு வந்ததைச் சொல்வது.

அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில் இருக்கும் வேவர்லி ஹில்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 1910இல் காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய சானடோரியம். இடம் போதாமல் போனதும் 1926இல் நானூறு பேருக்கு மேல் தங்கும்படி ஐந்து மாடிக் கட்டடம் எழுப்பினார்கள். இங்கே 63,000 பேர் செத்ததாக வீடியோவுக்கு வீடியோ சொல்கிறார்கள். அங்கேயே உதவி மருத்துவ இயக்குநராக இருந்த டாக்டர் எழுதிவைத்தபடி, மிக மோசமான ஆண்டில் இறந்தவர்கள் 152 பேர். சானடோரியம் நடந்தது 1961 வரை. ஐம்பத்தோரு வருஷமும் அதே மோசமான வருஷமாக இருந்திருந்தால்கூடக் கணக்கு எட்டாயிரத்தைத் தொடாது. மீதி ஐம்பத்தைந்தாயிரம் பேரும் கதைக்காகச் சாகடிக்கப்பட்டவர்கள்.

அங்கே 'பிணச் சுரங்கம்' என்று ஒன்றை டார்ச் அடித்துக் காட்டுவார்கள். மலையடிவாரத்திலிருந்து கட்டடத்துக்கு ஏறும் நீளமான சுரங்கப்பாதை. சாமான்களும் வேலையாட்களும் போய்வரக் கட்டியது. சாவுகள் கூடியபோது உடல்களையும் அந்த வழியாகவே கீழே இறக்கினார்கள். வாசலில் சவ வண்டி வந்து நிற்பதைப் படுக்கையில் இருப்பவர்கள் பார்த்தால் மனசு விட்டுப்போய்விடுவார்களே என்ற கவலைதான் காரணம். காசநோய்க்கு மருந்தே இல்லாத காலம் அது. நல்ல காற்று, வெயில், சத்தான சாப்பாடு, ஓய்வு, கூடவே பிழைத்துவிடுவோம் என்ற நம்பிக்கை. கையில் இருந்தது அவ்வளவுதான். அந்த நம்பிக்கை குலையாமல் இருக்கச் செய்த ஏற்பாட்டைப் போய் அலறல் சத்தம் சேர்த்துக் காட்டுகிறார்கள்.

கட்டில்களைத் திறந்த வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு போய், பனிக்காலத்திலும் அங்கேயே படுக்க வைத்திருக்கிறார்கள். சிலருக்கு விலா எலும்புகளை எடுத்து நுரையீரலைச் சுருங்க வைக்கும் அறுவை சிகிச்சை. இன்றைக்குக் கேட்டால் குலை நடுங்கும். அன்றைய டாக்டர்களுக்குத் தெரிந்த வழி அதுதான். அவர்களைக் கதைகளில் வருகிற கொடூரன்களாக ஆக்குவது அநியாயம். 1943இல் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது. மருந்து பரவப் பரவ சானடோரியங்களின் கட்டில்கள் காலியாயின. யோசித்துப் பாருங்கள், எந்தச் சாபமும் அந்த இடத்தைக் காலி செய்யவில்லை, நோயாளிகள் குணமாகி வீட்டுக்குப் போனதால் காலியானது. காற்று நுழைய வேண்டுமென்றே கட்டிய கட்டடம், ஆளில்லாமல் கிடந்தால் ராத்திரியில் ஊளையிடத்தான் செய்யும்.

சிங்கப்பூரின் பழைய சாங்கி ஆஸ்பத்திரிக்கும் இதே கதி. 1930களில் பிரிட்டிஷ் ராணுவத் தளத்துக்காகக் கட்டியது. ஜப்பானியர் ஆட்சியில் கெம்பெய்தாய் எனும் ராணுவப் போலீஸ் அங்கே சித்திரவதைக் கூடம் நடத்தியதாகக் கதை. கெம்பெய்தாயின் சித்திரவதைக்குப் பேர்போன இடம் நகருக்குள் இருந்த ஒய்எம்சிஏ கட்டடம். 1943 அக்டோபர் 10இல் தொடங்கிய கைதுகளில் ஐம்பத்தேழு பேர் பிடிபட்டு, பதினைந்து பேர் உயிரிழந்தார்கள். எலிசபெத் சோய் என்ற பெண் அந்த ஒய்எம்சிஏ அறையில் ஆறு மாதத்துக்கு மேல் அடைபட்டு, மின்சாரம் பாய்ச்சியும் கேட்டதை ஒப்புக்கொள்ளாமல் உயிரோடு வெளியே வந்தார். இப்படி ஒருவர் இருக்க, முகம் தெரியாத பேய் எதற்கு? சாங்கியோ 1997 வரை சாதாரணப் பொது ஆஸ்பத்திரியாக இயங்கியது. அங்கே பிறந்தவர்கள் இன்றைக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருப்பார்கள்.

மனநல ஆஸ்பத்திரி என்றால் இன்னும் மோசம். அங்கே நோயாளியே பேயாகிவிடுகிறார். உயிரோடு இருந்தபோது ஊர் ஒதுக்கியது போதாது என்று செத்த பிறகும் அவரைக் காட்டியே பயமுறுத்துகிறோம். இப்போது அதே நோயோடு வைத்தியம் பார்க்க வேண்டியவர் இந்த வீடியோவைப் பார்த்தால் ஆஸ்பத்திரி வாசலை மிதிப்பாரா?

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் டான்வர்ஸ் மனநல ஆஸ்பத்திரி 1878இல் திறந்து 1992இல் மூடியது. அதைச் சுற்றியும் பேய்க்கதைகளுக்குக் குறைவில்லை. அங்கே இறந்து, உடலை வாங்க ஆள் வராதவர்களைப் பக்கத்திலேயே புதைத்து, கல்லறையில் வெறும் எண்ணை மட்டும் பொறித்திருந்தார்கள். காலப்போக்கில் புதர் மண்டி அந்த எண்களும் மறைந்துபோயின. பிற்பாடு அந்தப் புதரை வெட்டி, பழைய பதிவுகளைத் தேடி, எந்த எண் யாருடையது என்று பார்த்துப் பெயர்களை மீட்கப் போராடியவர்களில் முன்னாள் மனநல நோயாளிகளே முன்னால் நின்றார்கள். டான்வர்ஸைப் பற்றி வீடியோ போடுகிறவர்களிடம் நான் கேட்பது இதுதான்: அந்தப் பெயர்களில் பத்தையாவது கேமராவுக்கு முன்னால் படித்துவிட்டு, அப்புறம் பேயைப் பற்றிப் பேசுங்கள்.