மழைக்காலம் பாரம் தூக்கும் காலம்

கடந்த வருடம் மே மாதத்தில், எங்கள் வெள்ளவத்தைத் தொடர்மாடியின் மின்தூக்கி பழுதாகிக் கிடந்த ஒரு நாளில், 25 கிலோ அரிசி மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு நான்காம் மாடிக்கு ஏறத் தொடங்கி, இரண்டாம் மாடியிலேயே அதை இறக்கி வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து நின்றேன். "தொண்ணூறு கிலோமீற்றர் சைக்கிள் ஓடுற பிள்ளைக்கு ஒரு அரிசி மூட்டை தூக்க ஏலாதோ?" என்று அம்மா மேலேயிருந்து கேட்டார்.

கேள்வி நியாயமானதுதான். அதற்குச் சில மாதங்கள் முன்புதான் 1.9 கிலோமீற்றர் நீச்சல், 90 கிலோமீற்றர் சைக்கிள், 21.1 கிலோமீற்றர் ஓட்டம் என்ற ட்ரையத்லன் தூரத்தை முடித்திருந்தேன். ஓட்டத்தின் கடைசிப் பகுதியில் எனக்கு மூச்சு வாங்கவில்லை. இடுப்பு ஒரு பக்கம் சரிய, வலது முழங்கால் ஒவ்வோர் அடிக்கும் உள்நோக்கி மடிந்தது. அதற்கு நான் கண்ட மருந்து, அடுத்த வாரமே இன்னும் கூடுதலாக ஓடுவது. பிழையான மருந்து.

வெளிநாட்டுப் பயிற்சித் திட்டங்கள் பனிக்காலத்தைப் போட்டியில்லாப் பருவமாகக் கணக்கிடுகின்றன. எங்களுக்கு அது தென்மேல் பருவக்காற்றோடு வருகிறது. பெப்ரவரியில் மேற்குக் கரைக் கடல் பொதுவாக அமைதியாக இருக்கும். 2018இல் கொழும்பில் முதன்முறையாக, இதே தூரங்களைக் கொண்ட அயன்மேன் 70.3 போட்டி நடந்ததும் அந்த மாதத்தில்தான். மே முதல் செப்டெம்பர் வரை கல்கிசைக் கடலில் நிம்மதியாக நீந்த முடியாது. அந்த மாதங்களை நட்டக் கணக்கில் எழுதி, வீட்டுக்குள் ட்ரெயினர் எனும் நிலைச்சட்டத்தில் சைக்கிளைப் பூட்டி, நின்ற இடத்திலேயே மணிக்கணக்காக மிதிப்பவர்கள் எங்களில் பலர். என் கருத்து, அவை பாரம் தூக்குவதற்கென்றே கிடைத்த மாதங்கள் என்பது.

பாரம் என்று நான் சொல்வது உண்மையான பாரத்தை. நான் முதலில் சேர்ந்த ஜிம்மில், "நீங்கள் ஓடுகிறவர், உங்களுக்குக் குறைந்த பாரமும் கூடிய தடவைகளும் போதும்" என்று இரண்டு கிலோ டம்பெல்லைக் கையில் தந்தார்கள். நீண்ட நேரம் களைக்காமல் இயங்குவதைத்தான் நீச்சலும் சைக்கிளும் ஓட்டமும் ஏற்கெனவே எனக்குப் பழக்கியிருக்கின்றனவே; அதையே டம்பெல்லோடு ஏன் திரும்பச் செய்யவேண்டும்? முதல் சில வாரங்கள் இலகுவான எடையில் முறையைப் பழகிய பின்னர், ஐந்து தடவைகளுக்கு மேல் ஒழுங்காகத் தூக்குவது கடினமாகும் அளவுக்கு எடையைக் கூட்டி, ஒவ்வொரு சுற்றுக்குமிடையில் இரண்டு மூன்று நிமிடங்கள் ஆறியிருந்து, வாரத்தில் இரண்டு நாட்கள் செய்தால் போதும். உடல் பருத்துவிடும் என்ற பயம் வேண்டாம். தொடக்கத்தில் கூடும் பலத்தில் பெரும்பங்கு, நரம்புகள் இருக்கின்ற தசையைக் கூடுதலாக இயக்கப் பழகுவதால் வருவது.

பாரம் தூக்குவதையும் ஓட்டம், சைக்கிள் போன்ற நீண்டநேரப் பயிற்சியையும் கலந்தால் ஒன்று மற்றதைக் கெடுக்கும் என்பவர்கள், 1980இல் ஆய்வாளர் ரொபர்ட் ஹிக்சன் வெளியிட்ட ஆய்வைப் பாதி மட்டும் சொல்கிறார்கள். பத்து வாரங்கள் இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களின் பலம் பிற்பகுதியில் வளராமல் நின்றது உண்மை. ஆனால் அவர்களுடைய உடல் ஒட்சிசனைப் பயன்படுத்தும் திறன் அதனால் குறையவில்லை. பளுதூக்கல் வீரருக்குக் கவலை தரவேண்டிய முடிவு அது, எங்களுக்கல்ல.

இரண்டாவது ஜிம்மில் பயிற்றுநர் என்னை ஒரு தாழ்வான படியில் ஒற்றைக் காலில் நிற்கச் சொல்லி, மற்றக் காலின் குதி தரையைத் தொடும்வரை மெதுவாக இறக்கச் சொன்னார். கண்ணாடியில் பார்த்தால், போட்டியில் மடிந்த அதே முழங்கால் அதே திசையில் மடிந்தது. பாரமே இல்லாமல், வியர்க்கவும் முன்னர்! நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றுமே நேர்முன்னே செல்பவை என்பதும், இடுப்பின் பக்கத் தசைக்கு அவற்றில் போதிய வேலையில்லை என்பதும் அன்றுதான் உறைத்தது. பக்கவாட்டில் பாய்ந்து திரும்பவேண்டிய பட்மின்டனை நான் மாற்றுப் பயிற்சியாக எடுத்துக்கொண்டது அதனால்தான். (தோற்பது வேறு கதை.) நீச்சலும் சைக்கிளும் உடலின் எடையை எலும்பில் ஏற்றுவதில்லை என்பதால், நாற்பதைக் கடந்தவர்களுக்கும் பெண்களுக்கும் பாரம் இன்னும் அவசியம்.

இந்த மழைக்காலத்தில் செவ்வாயும் வெள்ளியும் ஜிம், புதன் பட்மின்டன், ஞாயிறு மட்டும் மழை விட்டால் ஓட்டம். கெண்டைக்காலுக்கு வீட்டு மாடிப்படியே போதும்: படியின் விளிம்பில் முன்பாதத்தை வைத்து, முழங்காலைச் சற்று மடித்து, முதுகுப் பையில் அரிசியோடு குதியை உயர்த்தி இறக்குகிறேன். இப்போதைக்குப் பையில் பத்துக் கிலோ. அம்மா மிச்ச அரிசியைத் தேடுகிறார்.