அந்த மூன்று பாடவேளைகளையும் திருப்பிக் கொடுங்கள்

கடந்த வெள்ளிக்கிழமை எங்கள் தோட்டப்புறப் பாடசாலையில் நடந்த தரம் 11 பெற்றோர் கூட்டத்தைப் பற்றி இங்கே பலரும் எழுதிவிட்டீர்கள். ஒலிப்பதிவையும் எல்லோரும் கேட்டிருப்பீர்கள். ஆகவே நடந்ததை மறுபடியும் விவரிக்கப் போவதில்லை. "கூத்தாடியா பிழைக்கப் போகிறாய்?" என்று அத்தனை பெற்றோர் முன்னிலையில் ஒரு பிள்ளையிடம் கேட்கப்பட்ட கேள்வியைத்தான் நான்கு நாட்களாக என்னால் விழுங்க முடியவில்லை.

சாதாரண தரப் (O/L) பரீட்சை முடியும் வரை நாடகமும் அரங்கியலும் பாடத்துக்குரிய மூன்று பாடவேளைகளும் கணிதத்துக்கே என்று பாடசாலைத் தரப்பில் அறிவித்தபோது, அந்தப் பிள்ளை எழுந்து நின்று, "எங்களுக்குப் பிரக்டிகல் சோதனை இருக்கு சேர்" என்று மட்டும்தான் சொன்னாள். அவள் சொன்னதில் என்ன பிழை? சாதாரண தரத்தின் ஒன்பது பாடங்களில் அதுவும் ஒன்று. அதற்கும் வினாத்தாள் உண்டு, செயன்முறைப் பரீட்சை உண்டு, பெறுபேற்றுத் தாளில் தனி வரி உண்டு. அது பாடம். நேரம் மிஞ்சினால் நடத்தலாம் என்று ஒதுக்கி வைக்கும் பொழுதுபோக்கு இல்லை.

கணிதம் முக்கியமில்லையா என்று கேட்பீர்கள். முக்கியம்தான். கணிதத்தில் தவறிய ஒரே காரணத்தால் உயர்தர (A/L) வாசலிலேயே நின்றுபோன பிள்ளைகளை, தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்திலேயே எனக்குத் தெரியும். அவர்களில் இருவர் இப்போது கொழும்பில் கடைகளில் நிற்கிறார்கள். ஆனால் உயர்தரத்துக்குப் போக ஆறு பாடங்களில் சித்தி மட்டும் போதாது, அவற்றுள் மூன்றில் திறமைச் சித்தியும் (C) வேண்டும் என்பதை ஏன் யாரும் பேசுவதில்லை? விஞ்ஞானத்துக்கு நிரந்தர ஆசிரியர் இல்லாமல் ஆண்டுக்கணக்காக ஓடும் தோட்டப்புறப் பாடசாலையில், அந்த மூன்றாவது திறமைச் சித்தி பல பிள்ளைகளுக்குச் சித்திரத்திலும் நடனத்திலும் நாடகத்திலும்தான் கிடைக்கிறது. கணிதத்தில் காப்பாற்றுவதாகச் சொல்லிக்கொண்டு, பிள்ளை பிடித்துக்கொண்டிருக்கும் கொப்பையே வெட்டுகிறீர்கள்.

இதை நான் கேள்விப்பட்டு எழுதவில்லை. 2003 இல் நான் சாதாரண தரம் எழுதியபோது கர்நாடக சங்கீதம் எடுத்திருந்தேன். எங்கள் சங்கீத அறையில் ஒரேயொரு சுருதிப்பெட்டி இருந்தது. அதன் துருத்தி கிழிந்த இடத்தில் ஆஸ்பத்திரிப் பிளாஸ்டர் ஒட்டியிருப்போம், குளிர்காலத்தில் அது கழன்றுவிடும், ஒருத்தி விரலால் பொத்திக்கொள்ள மற்றவள் இழுப்பாள். அம்மா பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்துக்கு, போவதற்கு முன்பு, விடியற்காலை நான்கு மணிக்கு அடுப்படியில் உட்கார்ந்து கணக்குச் செய்வேன். பாடசாலைக்கு நடக்கும் தேயிலைக்காட்டுப் பாதையில் மாயாமாளவகௌளை ராகத்தில் ஸ்வர வரிசைகளைப் பாடிக்கொண்டே போவேன். இரண்டையும் என்னால் சுமக்க முடிந்தது. யாரும் என்னை இறக்கிவைக்கச் சொல்லவில்லை. கடைசித் தவணையில் பாடசாலையில் அவர்களாகவே சங்கீதத்தைப் பறித்துக்கொண்டார்கள். சங்கீதப் பாடவேளை விஞ்ஞானத்துக்குப் போனது. அந்த நாற்பது நிமிடங்களில் கடந்தகால வினாத்தாளின் விடைகள் கரும்பலகையில் எழுதிப் போடப்பட்டன, நாங்கள் பார்த்து எழுதினோம், அவ்வளவுதான்.

செயன்முறைப் பரீட்சையில் கீர்த்தனை பாடச் சொன்னார்கள். பல்லவி பாடினேன், அனுபல்லவி பாடினேன், பிறகு நின்றுவிட்டேன். சரணம் எங்களுக்குச் சொல்லித் தரப்படவே இல்லை. பரீட்சகர் அம்மா என்னைக் கோபிக்கவில்லை. பேனையை வைத்துவிட்டுச் சற்று நேரம் காத்திருந்தார். அவர் கோபித்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

நாடகத்தை வீட்டில் பழகலாமே என்று ஒருவர் கருத்திட்டிருக்கிறார். பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவில், படுத்திருக்கும் பாட்டிக்கும் தொட்டில் குழந்தைக்கும் நடுவே எட்டுப் பேர் நின்று ஒத்திகை பார்க்க வேண்டும் என்கிறாரா? கலைப் பாடம் சோறு போடாது என்கிறார் இன்னொருவர். உயர்தரக் கலைப்பிரிவில் நாடகமும் அரங்கியலும் ஒரு பாடமாக இருப்பதும், மட்டக்களப்பில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருப்பதும், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நுண்கலை பட்டப்படிப்பாக இருப்பதும் அவருக்குத் தெரியவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். அங்கே படித்து வந்தவர்கள் நம் பாடசாலைகளிலேயே ஆசிரியர்களாக இருக்கிறார்கள்.

"உங்கள் பிள்ளைக்கு டியூசன் கொடுக்க உங்களிடம் பணம் இருக்கிறது, அதனால் பேசுகிறீர்கள்" என்றும் உள்பெட்டியில் ஒருவர் எழுதியிருந்தார். கொழுந்தெடுத்த கையால் என்னைப் படிக்க வைத்தவளின் மகளிடம் இதைச் சொல்ல வேண்டாம். மேலதிகக் கணித வகுப்பு வேண்டுமா, பாடசாலை விட்டபின் வையுங்கள், சனிக்கிழமை வையுங்கள். பெற்றோர் ஆளுக்கொரு பங்கு தேநீருக்கும் பிஸ்கட்டுக்கும் தருவோம். பிள்ளையின் பாடவேளையில் கை வைக்காதீர்கள் என்றுதான் கேட்கிறோம்.

பரிசளிப்பு விழாவுக்கு விருந்தினர் வரும்போது வாசலில் நின்று ஆடுவதற்கு இதே பிள்ளைகள்தான் வேண்டும். தமிழ்மொழித் தினப் போட்டியில் கேடயம் வாங்கி அதிபர் அறையின் கண்ணாடி அலுமாரியில் வைப்பதற்கும் இதே பிள்ளைகள்தான் வேண்டும். 2023 இல், எங்கள் முன்னோர் இங்கு வந்து இருநூறு ஆண்டானதை நினைவுகூர்ந்து, மலையகம் 200 என்று நாம் எல்லோரும் மேடையேறி, காமன் கூத்து, பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு ஆகிய கூத்துகள் எங்கள் அடையாளம் என்று பேசினோம். அடையாளம் என்று பேசிய அதே வாயில் 'கூத்தாடி' எப்படி வசைச்சொல்லாக வருகிறது?

என் அப்பா மாசி மாதம் காமன் கூத்துக்குத் தப்படித்தவர். விடிய விடிய அடித்துவிட்டு, தோல் உரிந்த விரல்களில் துணி சுற்றிக்கொண்டு காலையில் தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டப் போவார். பகல் வேலைக்கு ஒரு நாளும் பிந்தியதில்லை. வெள்ளிக்கிழமை அந்தக் கேள்வி கேட்கப்பட்டபோது, மண்டபத்தில் என்னைப் போன்ற கூத்தாடிகளின் பிள்ளைகள் எத்தனை பேர் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தோம் என்பதைக் கேட்டவர் பார்த்தாரா?

அந்தப் பிள்ளை திங்கட்கிழமை பாடசாலைக்கு வரவில்லை. அவளிடம் அதே மண்டபத்தில் வைத்து வருத்தம் தெரிவியுங்கள். அடுத்த வாரத்திலிருந்து, ஏற்கனவே நேரசூசியில் எழுதியிருந்தபடி, அந்த மூன்று பாடவேளைகளையும் திருப்பிக் கொடுங்கள்.