மாலையில் பூட்டிக் கிடக்கும் அறைகள்

மும்பைத் தமிழர்களுக்கு அரங்குகளுக்குப் பஞ்சமில்லை என்று சொல்பவர்கள் உடனே மாட்டுங்காவின் சண்முகானந்தா அரங்கத்தைக் காட்டுகிறார்கள். 2,700 பேருக்கு மேல் அமரக்கூடிய அந்த அரங்கு எனக்கும் பெருமைதான். ஆனால் தாராவியில் பதினைந்து பேர் கூடும் வாசகர் வட்டத்துக்கும், பறை பழகும் பிள்ளைகளுக்கும், கடன் கணக்குப் பார்க்கும் மகளிர் குழுவுக்கும் வேண்டியது விளக்கும் மின்விசிறியும் உள்ள ஓர் அறை. அதுவும் வாரந்தோறும் அதே நேரத்தில், கையைக் கடிக்காத வாடகையில்.

வாடகை கூடும்போது குழுவின் இயல்பே மாறிவிடுகிறது. ஒரு மாலைக்கே சில ஆயிரம் கேட்டால் புரவலரைத் தேட வேண்டியிருக்கிறது. புரவலர் வந்தால் மேடையும் பொன்னாடையும் பதாகையும் வந்துவிடுகின்றன. வாரந்தோறும் படித்து விவாதித்தவர்கள் ஆண்டுக்கொரு விழா எடுப்பவர்களாக ஆகிவிடுகிறார்கள். ஆண்களாவது தேநீர்க் கடை வாசலில் நின்று பேசிக்கொள்வார்கள். பத்துக்குப் பத்து வீட்டில் வாழும் பெண்களும் வளரும் பெண்பிள்ளைகளும் எங்கே கூடுவார்கள்?

இந்த நகரமே இதற்கு விடை கண்டிருக்கிறது. 1971இல் தொடங்கிய ஆவிஷ்கார் நாடகக் குழு, 1974 முதல் தாதரின் சபில்தாஸ் பள்ளியில் இருந்த கூடத்தில் நாடகங்களை நிகழ்த்தியது. மராத்தி சோதனை நாடகத்தின் ஒரு காலகட்டத்தையே அந்தப் பள்ளியின் பெயரால் சபில்தாஸ் இயக்கம் என்கிறார்கள். செலவு குறைந்த சிறிய கூடம் என்பதால், வசூலுக்கு அஞ்சாமல் புதியதை முயன்று பார்க்க அங்கே இடமிருந்தது. முறையான அரங்குகளின் வாடகையில் அந்தத் துணிவு வந்திருக்காது என்றே நான் நினைக்கிறேன்.

புதிதாக எதையும் கட்டச் சொல்லி நான் கேட்கவில்லை. தமிழ் உட்பட எட்டு மொழிகளில் மாநகராட்சி நடத்தும் பள்ளிகளில், பாடம் முடிந்த பின் வகுப்பறைகள் சும்மா கிடக்கின்றன. எஸ்.ஆர்.ஏ. எனப்படும் குடிசைப் பகுதி மறுவாழ்வு ஆணையத்தின் திட்டங்களுக்கான விதிகளின்படி, குடிசைவாசிகளுக்கான கட்டடங்களில் பால்வாடியும், குடியிருப்போரின் பொதுப் பயன்பாட்டுக்கான நலக்கூடமும் அமைய வேண்டும். ஆனால் நான் பார்த்த சில கட்டடங்களில் நலக்கூடம் பூட்டியே கிடக்கிறது, அல்லது யாரோ ஒருவரின் கிடங்காகிவிட்டது. இவற்றைத் திறந்து, காவலாளியின் கூடுதல் நேர ஊதியத்துக்கும் மின்கட்டணத்துக்கும் போதுமான அளவில் வாடகையை நிர்ணயித்து, முன்பதிவுப் பட்டியலை வாசலிலேயே ஒட்டிவிட்டால், சிபாரிசுக்காக எவர் பின்னாலும் அலைய வேண்டியிருக்காது.

தாராவி மறுசீரமைப்பு பற்றிய பேச்செல்லாம் வீட்டின் சதுர அடியிலேயே நின்றுவிடுகிறது. வீடு முதலில் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆயினும் நம் சங்கங்கள் கொடுக்கும் ஒவ்வொரு மனுவிலும், நலக்கூடம் எந்தத் தளத்தில் வரும், அதன் சாவி யாரிடம் இருக்கும், வாடகையை யார் நிர்ணயிப்பார்கள் என்ற மூன்று கேள்விகளுக்கும் எழுத்துமூலம் பதில் கேட்கப்பட வேண்டும்.