இரண்டாவது எஞ்சினும் பின்பக்கக் கதவும்

ஹெலிகாப்டரில் இரண்டு எஞ்சின் இருந்தால் பயமே இல்லை என்று ஒரு நம்பிக்கை பரவலாக இருக்கிறது. ஒன்று நின்றால் இன்னொன்று காப்பாற்றிவிடும் என்ற கணக்கு. கணக்கு தப்பில்லை. ஆனால் பாதிதான் சரி. போ 105 என்ற ஜெர்மன் ஹெலிகாப்டரை எடுத்துக்கொண்டால், அது பேர் வாங்கியதில் இரண்டாவது எஞ்சினுக்கு இருக்கும் பங்கை எல்லாரும் சொல்கிறார்கள். அதன் பின்பக்கக் கதவுக்கு இருக்கும் பங்கை யாரும் சொல்வதில்லை. எனக்கு அந்தக் கதவுதான் பெரிசாகத் தெரிகிறது.

முதலில் எஞ்சினையே பார்த்துவிடலாம். இரண்டரை டன் எடைக்குள் அடங்கும் ஒரு சின்ன ஹெலிகாப்டருக்கு இரண்டு டர்பைன் எஞ்சின் என்பது 1960களில் கொஞ்சம் ஆடம்பரமான யோசனை. எடை கூடும், எரிபொருள் கூடும், பராமரிப்புச் செலவும் கூடும். அப்படியும் மியூனிக்குக்குப் பக்கத்தில் ஓட்டோபுருனில் இருந்த போல்கோவ் நிறுவனம் இதில் இறங்கியது. முதல் மாதிரி தரைச் சோதனையிலேயே அதிர்வு கட்டுக்கடங்காமல் போய் உடைந்தது. இரண்டாவது மாதிரிதான் 1967 பிப்ரவரி 16 அன்று வானில் ஏறியது. 1970இல் சான்றிதழ் கிடைத்தது. அதற்குள் போல்கோவ் மற்ற நிறுவனங்களோடு சேர்ந்து மெஸ்ஸர்ஷ்மிட்-போல்கோவ்-ப்ளோம், சுருக்கமாக எம்பிபி, ஆகியிருந்தது.

ஒரு எஞ்சின் நின்றால் உண்மையில் என்ன ஆகும்? ஹெலிகாப்டருக்கு அதிக சக்தி தேவைப்படுவது வேகமாகப் பறக்கும்போது மட்டும் இல்லை, அந்தரத்தில் அசையாமல் நிற்கும்போதும்தான். மிதமான வேகத்தில் முன்னோக்கிப் போகும்போது, தலைக்கு மேல் சுற்றும் இறக்கைத் தொகுதியான ரோட்டருக்குப் புதுக் காற்று தானாகக் கிடைப்பதால், தேவைப்படும் சக்தி வெகுவாகக் குறைந்துவிடும். போ 105இன் பரவலான வகையில் தலா 420 குதிரைத்திறன் கொண்ட இரண்டு அலிசன் எஞ்சின்கள் இருந்தன. அதில் ஒன்று போனாலும் பறந்துகொண்டே இருக்கலாம், ஓரளவு வேகத்தோடு சமதளத்தில் இறங்கவும் செய்யலாம். முழு எடையோடு கட்டடங்களுக்கு நடுவே அந்தரத்தில் நிற்கும்போது ஒன்று போனால்? மிச்சமுள்ள ஒன்று தூக்கிப் பிடிக்காது. அந்தச் சில நொடிகளில் இரட்டை எஞ்சின் என்ற பெயருக்குப் பெரிய மரியாதை இல்லை. விமானி எந்த உயரத்தில், எந்த வேகத்தில் இருந்தார் என்பதுதான் கணக்கு. பின்னால் வந்த ஹெலிகாப்டர்களில் ஒற்றை எஞ்சினின் அவசரத் திறனைக் கூட்டியதும், எடை வரம்புகளை வகுத்ததும் இந்த இடைவெளியை அடைக்கத்தான்.

அப்புறம் இன்னொன்று. ஹெலிகாப்டர் விபத்துகளில் எஞ்சின் நின்றதால் நடப்பவை ஒரு பகுதி மட்டுமே. மேகத்தில் புகுந்து திசை தெரியாமல் போவது, மின்கம்பியில் மாட்டுவது, இரவில் மலையில் மோதுவது, இதெல்லாம் எஞ்சின்கள் இரண்டும் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே நடக்கிற விபத்துகள். அதனால் இரண்டாவது எஞ்சின் வேண்டாம் என்று சொல்லவில்லை. கடல் மேலும் நெரிசலான ஊர் மேலும் பறக்க அது வேண்டும். ஆனால் அது ஒன்றை மட்டும் வைத்து ஒரு ஹெலிகாப்டரை எடை போடாதீர்கள்.

சரி, போ 105இல் வேறு என்ன விசேஷம்? ஹெலிகாப்டர் ஆட்களிடம் கேட்டால் உடனே ரோட்டரைச் சொல்வார்கள். அதுவும் நியாயம்தான். அந்தக் காலத்து ரோட்டர்களில் ஒவ்வொரு பிளேடும், அதாவது சுற்றும் இறக்கையும், மேலும் கீழும், முன்னும் பின்னும் அசைய மூட்டுகள் இருக்கும். போ 105 அந்த இரண்டு வகை மூட்டுகளையும் தூக்கி எறிந்தது. நடுவில் டைட்டானியத்தில் ஒரு திடமான மையம், அதில் கண்ணாடியிழையில் செய்த நான்கு பிளேடுகள். தூண்டில் கோல் வளைவது போல அந்தப் பிளேடுகளே வளைந்து கொடுக்கும். பிளேடின் கோணத்தை மாற்றுவதற்கான பேரிங் மட்டும் மிச்சம்.

விளைவு, விமானி கையை அசைத்த கணமே ஹெலிகாப்டர் திரும்பும். கரணம் அடிக்கக்கூடிய ஹெலிகாப்டர் என்று இது பேர் எடுத்தது சும்மா இல்லை. ரெட் புல்லின் சாகச விமானிகள் இதில் வானத்தில் வட்டமடித்துக் காட்டினார்கள். எனக்கு அந்த வித்தையை விட அதற்கு விலையாக வந்த ஒரு சின்னக் கருவிதான் சுவாரசியம். மூட்டு இல்லாததால் வளைக்கும் விசை முழுவதும் நேராக ரோட்டர் தண்டுக்குப் போகிறது. சரிவான தரையில் ஒரு பக்கச் சறுக்குக்கட்டை மட்டும் பட்டு நிற்கும்போது விமானி கட்டுப்பாட்டுக் குச்சியை அதிகமாகச் சாய்த்தால் தண்டு தாங்கும் எல்லையைத் தாண்டிவிடலாம். அதனால் முன்பலகையில் அதற்கென்றே ஒரு மானி, மாஸ்ட் மொமென்ட் காட்டி, இந்தக் குடும்பத்து ஹெலிகாப்டர்களில் இருக்கும். சரிவில் இறங்கும்போது வெளியேயும் பார்க்க வேண்டும், அந்த முள்ளையும் பார்க்க வேண்டும்.

இப்போது கதவுக்கு வருகிறேன். எஞ்சின்கள் இரண்டும் கூரை மேல். வால் பகுதி உயரத்தில் நீள்கிறது, வால் ரோட்டர் அதன் நுனியில் இன்னும் மேலே. அதனால் உடலின் பின்பக்கம் முழுவதும் காலி. அங்கே இரண்டாகப் பிரிந்து திறக்கும் கதவு. தரை தட்டையாக, முன் இருக்கைகளின் முதுகு வரை ஒரே நீளம். ஸ்ட்ரெச்சரைத் திருப்பாமல், சாய்க்காமல், நேராக உள்ளே தள்ளலாம். பக்கவாட்டுக் கதவு வழியாக அதே ஸ்ட்ரெச்சரை ஏற்றுவதை நினைத்துப் பாருங்கள். முதுகெலும்பு அடிபட்டவரை ஒரு முனையில் தூக்கி, வளைத்து, குறுக்கே நுழைக்க வேண்டும்.

இது வெறும் வசதி இல்லை என்பதற்கு அந்தக் காலத்து மேற்கு ஜெர்மனி சாட்சி. 1970இல் அந்நாட்டுச் சாலைகளில் செத்தவர்கள் 19 ஆயிரத்துக்கும் மேல். அதற்கு முந்தைய ஆண்டு பியோர்ன் ஸ்டைகர் என்ற எட்டு வயதுச் சிறுவன் சாலையில் அடிபட்டு, ஆம்புலன்ஸ் வர ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆனதில் இறந்துபோனான். பெற்றோர் அவன் பெயரில் ஓர் அறக்கட்டளை தொடங்கி அவசர உதவி முறையையே மாற்றப் போராடினார்கள். இந்தச் சூழலில்தான் 1970 நவம்பர் 1 அன்று மியூனிக்கின் ஹார்லாகிங் மருத்துவமனையில் 'கிறிஸ்டோஃப் 1' என்ற ஹெலிகாப்டர் நிரந்தரப் பணிக்கு வந்தது. அது ஒரு போ 105. மோட்டார் சங்கமான ஏடிஏசி அதன் பின்னால் இருந்தது. வழிப்பயணிகளின் காவலராகக் கருதப்படும் புனித கிறிஸ்டோஃபரின் பெயர் அது. அப்புறம் எண்கள் ஏறிக்கொண்டே போய், நாடு முழுக்க ஒரு வலையே உருவானது. நோயாளியை மருத்துவரிடம் கொண்டுபோவதற்கு முன்னால், மருத்துவரையே நோயாளியிடம் கொண்டுபோவது என்ற அந்த முறைக்கு இப்படியொரு வண்டி சரியான நேரத்தில் கிடைத்தது அதிர்ஷ்டம்தான்.

குறை இல்லாமல் இல்லை. உள்ளே இடம் நெருக்கடி. நோயாளியின் கால் பகுதி எஞ்சின் தளத்துக்குக் கீழே போய்விடுவதால் மருத்துவருக்குக் கைக்கு எட்டுவது மேல் உடம்பு மட்டும்தான். பிறகு உடலை 25 சென்டிமீட்டர் நீட்டி ஒரு வகை கொண்டுவந்தார்கள்.

இதே உடலைத்தான் ஜெர்மன் ராணுவம் டாங்கி வேட்டைக்கும் வாங்கியது. 'ஹாட்' என்ற டாங்கி எதிர்ப்பு ஏவுகணைகள் ஆறைத் தொங்கவிட்டு 212 ஹெலிகாப்டர்கள். கவசம் என்று சொல்ல ஒன்றும் கிடையாது. மரத்துக்குப் பின்னால் ஒளிந்து சுட்டுவிட்டு ஓடுவதுதான் உத்தி. 2016 இறுதியில்தான் ஜெர்மன் ராணுவத்தின் கடைசி போ 105கள் ஓய்வு பெற்றன. கனடாவின் கடலோரக் காவல்படை, பல நாட்டுப் போலீஸ், கடலில் இருக்கும் எண்ணெய்த் தளங்கள் என்று பட்டியல் நீளும். இந்தோனேசியாவில் உரிமம் பெற்றுத் தயாரித்தார்கள். மொத்தம் சுமார் 1,500 செய்து, 2001இல் உற்பத்தி நின்றது.

'அப்படியானால் அகஸ்டா ஏ 109?' என்று யாராவது கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 1971இல் பறந்த இத்தாலிய இரட்டை எஞ்சின், சக்கரங்களை உள்ளே இழுத்துக்கொள்ளும், போ 105ஐ விட வேகம், அழகும் கூட. பின்கதவு கிடையாது. ஆனாலும் சுவிட்சர்லாந்தின் மீட்புப் படையான ரேகா, ஆல்ப்ஸ் மலைகளில் இதன் வாரிசுகளைத்தான் பல ஆண்டுகள் ஓட்டியது. உயரத்தில் காற்று மெலிந்த இடத்தில் கதவை விட எஞ்சின் சக்திதான் முதல் கவலை, அங்கே என் வாதம் தளர்கிறது. நெடுஞ்சாலை விபத்துக்கு மட்டும் நான் கதவுப் பக்கம்தான்.

எம்பிபியும் ஜப்பானின் கவாசாகியும் சேர்ந்து செய்து 1979இல் பறந்த பிகே 117, அதன் வழியில் வந்த இன்றைய எச் 145, இன்னொரு கிளையில் 1994இல் பறந்த ஈசி 135, எல்லாவற்றிலும் அந்தப் பின்கதவு இருக்கிறது. மாறியது வால் ரோட்டர். போ 105இல் அது மூடாமல் வெளியே சுற்றும். கதவருகே நின்று ஸ்ட்ரெச்சரைத் தள்ளும் ஆட்கள் எந்நேரமும் அதை மனதில் வைத்திருக்க வேண்டும். ஈசி 135இலும், பிறகு எச் 145இலும் அதை வால் துடுப்புக்குள் ஒரு வளையத்தில் அடைத்துவிட்டார்கள். எஞ்சினை நிறுத்த நேரம் இல்லாமல் சாலை நடுவில் ஆளை ஏற்ற வேண்டி வரும்போது, அந்த வளையத்தை நான் இரண்டாவது எஞ்சினுக்கு ஒரு படி மேலேயே வைப்பேன்.